உருண்டை வைத்த ஒயர்

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் மானம் போயிற்று. யாருடைய மானம் என்பதில் சபையாருக்குச் சந்தேகமே இல்லை. ஆசீருடையது.

எரிச்சலில் எழுதினால் பிறகு எனக்கே புரியாது, ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன். ஆசீர் எங்கள் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரல் பாடுகிறவன். மைக், மிக்சர் எல்லாம் பார்த்துக்கொள்வதும் அவன்தான். வயது முப்பத்தாறு, ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். நான் அதே குழுவுக்கு இருபத்தொரு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். போன வாரம் குருத்தோலை ஞாயிறன்று அவன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து யு.எஸ்.பி. ஒயரில் கீபோர்டோடு இணைத்தான். நான் கட்டையை அழுத்தினால் லேப்டாப்பிலிருந்து பெரிய பைப் ஆர்கன் சத்தம் வரும். ஒயரில் போவது சத்தம் இல்லையாம். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்கிற செய்தி மட்டும்தானாம். இரண்டு சத்தமும் சேர்ந்து வரக் கூடாதென்று கீபோர்டின் சொந்த வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிடுவான்.

இன்று இரண்டாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் சத்தம் அறுந்தது. அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை. சபை அரைச் சரணம் தானாகப் பாடியது. பிறகு முன்வரிசை ஒரு சுருதிக்கும் பின்வரிசை ஒரு சுருதிக்கும் போய், பாட்டு நொண்டி நின்றுவிட்டது. ஆசீர் கோயிலின் கடைசியில் மிக்சர் பக்கம் இருந்தான். ஈஸ்டர் கூட்டம், நடைபாதையெல்லாம் பாய் போட்டு ஆட்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி அவன் முன்னால் வந்து ஒயரை ஆட்டிச் சத்தத்தைக் கொண்டுவர நான்கு நிமிடம் ஆயிற்று. நான்கு நிமிடமும் முந்நூறு பேர் அவனைத்தான் பார்த்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான அறிவிப்பை அச்செடுத்தேன். மூன்று மாதமாக ஒயரைப் பத்துத் தடவை ஆட்டினால்தான் அசைகிற பிரிண்டர், இன்று ஒரே மூச்சில் முப்பது தாளையும் தள்ளிவிட்டது. அதுவாவது நடந்ததே.

ஏப்ரல் 21, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பத்திரண்டும் மேஜைமேல் கிடக்கிறது, தொடவில்லை.

சாயங்காலம் ஆசீர் வந்தான். கீபோர்டும் அதன் பையும் வாரநாளில் எங்கள் வீட்டில்தான் இருக்கும். கோயிலில் வைத்தால் எலி உள்ளே குடித்தனம் வைத்துவிடுகிறது. குழுச் செயலாளர் ஞானையா அண்ணாச்சி நேற்றே அவனிடம் சொல்லிவிட்டாராம், லேப்டாப் இனிமேல் கோயில் வாசல்படி ஏறக் கூடாதென்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம். அவன் பெயர் குழுவில் இருக்க வேண்டுமா என்பதே பேச்சாம்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுக் காட்டிட்டா போதும்க்கா. அதுக்கப்புறம் பேரை எடுக்கதுன்னா எடுக்கட்டும்" என்றான். அவன் முகம் ஒரு நாளில் இறங்கிப் போயிருந்தது.

ஹாலில் கீபோர்டை விரித்து லேப்டாப்பைத் திறந்தான். இணைத்ததும் நன்றாக வேலை செய்தது. பத்து நிமிடம் வாசித்தேன். பதினோராவது நிமிடம் அறுந்தது. திரையில் ஏதோ அடையாளம் தெரியாத சாதனம் என்று வந்தது. லேப்டாப்பின் வேறு துளையில் செருகினான். வந்தது, மறுபடி போயிற்று. அணைத்துப் போட்டான். வந்தது, போயிற்று. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதிக்கொண்டான். எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு அந்தப் பொறுமை இருக்கும்போல.

"ஒயரா இருக்குமோ?" என்று அவனே கேட்டு, அவனே பதிலும் சொன்னான். "ஒயர் போனா மொத்தமா போவணும்லா. இது வந்து வந்து போவுது. சாஃப்ட்வேர்லதான் கோளாறு."

இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல டீயாகவே போட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பில்கூடச் சொல்லாவிட்டால் எதற்கு ஒரு நோட்டு?

பிரிண்டருக்கும் கீபோர்டுக்கும் ஒரே மாதிரி ஒயர். ஒரு முனை சதுரம், ஒரு முனை தட்டை. ஆசீர் கீபோர்டுக்கென்று வாங்கியதில் நுனிப்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை இருக்கும். சனிக்கிழமை பயிற்சி முடிந்து வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் வசனத்தாள் அச்செடுக்கப் பார்த்தேன். எங்கள் ஒயர் வழக்கம்போல மக்கர் செய்தது. கீபோர்டுப் பையிலிருந்து அந்த உருண்டை ஒயரை எடுத்து மாட்டினேன், வேலை முடிந்தது. விடியற்காலை மூன்றரைக்கு அரைத்தூக்கத்தில் பையில் ஒரு ஒயரைப் போட்டேன். எது கைக்கு வந்ததோ அது.

ஞாயிறு மத்தியானம் முப்பது தாளும் நிற்காமல் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். பிரிண்டரின் பின்னால் உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இது கைத்தவறுதான். யாருக்கும் வரும். நாளைக்கு ஆசீர் வந்ததும் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 23, புதன்

சொல்லவில்லை. அதைவிட மோசம்.

லேப்டாப்பில் கீபோர்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டான். பலனில்லை. ஷீபாவின், அதாவது அவன் மனைவியின், ஆபீஸ் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். அதிலும் வந்து வந்து போயிற்று. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு லேப்டாப்புலயும் ஒரே கதைன்னா, ஒண்ணு கீபோர்டு, இல்லன்னா ஒயர். அக்கா, உங்க பிரிண்டர் ஒயரைக் கொஞ்சம் தாங்களேன், மாட்டிப் பாப்போம்" என்றான்.

எத்தனை சுலபமாகக் கதவைத் திறந்து கொடுத்தான்! எழுந்து போய் எடுத்துவந்து, இதுதானே உன் ஒயர் ஆசீர் என்று சிரித்திருக்கலாம். என் வாய் வேறு சொன்னது. "பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருக்கு. ஒயரும் கூடவே போயிருச்சு."

என் வீட்டுக்காரர் ஈசிசேரில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பர் அசையவில்லை. படுக்கையறைக் கதவு பாதி திறந்து கிடக்க, உள்ளே பிரிண்டர் பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

ஆசீர் போனபிறகு சாப்பிடும்போது இவர் கேட்டார். "ஏ சுகிர்தா, பிரிண்டர் எப்போ ரிப்பேர்ல இருந்து வருது?"

"உங்களுக்கு ரசம் வேணுமா வேண்டாமா?" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்தினவர்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆறு தாள் திருத்தினேன். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மார்க் போடுவது என் வழக்கம். இன்று ஒருத்திக்குப் போடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆசீர் புது ஒயர் வாங்கி வந்துவிட்டான்.

இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொன்னான். ஒரு தடவைகூட அறவில்லை. பழைய ஒயரை மாட்டி, சதுர முனைப் பக்கம் கொஞ்சம் வளைத்தான், போயிற்று. நிமிர்த்தினான், வந்தது. பிள்ளைபோல நாலு தடவை வளைத்து நிமிர்த்திப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்படித் தெரிந்தது. பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"அப்போ என் தப்புதான்க்கா. சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர்னு அலைஞ்சேன். ஆராதனைக்கு முந்தி ஒயரை வளைச்சுப் பாத்திருக்கணும். ஆஸ்பத்திரில தினமும் பாக்கேன், இங்க பாக்கல."

பழைய ஒயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல உருண்டை ஒண்ணு இருந்தாப்ல ஞாபகம்" என்றான்.

நான், "அப்படியா?" என்றேன்.

"இல்ல போல. எனக்குத்தான் ஞாபகப் பிசகு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறானாம். ஏதாவது எழுதித் தாருங்கள், நீங்கள் டீச்சர், நன்றாக எழுதுவீர்கள் என்றான். எழுதிக் கொடுத்தேன். எட்டு வரி. 'என் கவனக்குறைவால்' என்று என் கையெழுத்தில், அவனுக்காக. ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

பயிற்சிக்கு ஆசீர் வரவில்லை. கூட்டம் முடியும்வரை வர வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பேஸ் வரிசையில் இரண்டே பேர் நின்றார்கள், பாட்டு ஒருக்களித்துக் கிடந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். இருபத்தாறு பேர். குருவானவர் ஜெபம் செய்துவிட்டு வேறு ஆராதனைக்குப் போய்விட்டார். ஆசீர் எழுந்து நின்று என் எட்டு வரியை வாசித்தான். 'கவனக்குறைவால்' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தான்.

ஞானையா அண்ணாச்சி விடவில்லை. "ஒரு ஒயரைப் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடே கம்ப்யூட்டரு? உயிர்த்தெழுந்த நாளு அன்னைக்குக் கோயிலு சாவு வீடு மாதிரி ஆயிருச்சே! ஒரு வருஷம் குழுவுல இருந்து தள்ளி நிக்கட்டும். அதுதான் என் அபிப்பிராயம்."

ஆசீர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பதினைந்து வயதிலிருந்து பாடுகிற பையன். பையன் என்ன, இப்போது முன்தலை வழுக்கை. ஷீபா சோப்ரானோ வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. கை தூக்கச் சொன்னார் அண்ணாச்சி. இரண்டு மூன்று கைகள் எழும்பின.

நான் எழுந்துவிட்டேன். "அந்த ஒயர் ஆசீர் வாங்குனது இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுப் பிரிண்டர் ஒயரு. ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும். நான்தான் அவசரத்துல மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். அவன் வாங்குனது என் வீட்டுல இருக்கு."

ஆல்ட்டோ வரிசையிலிருந்து யாரோ, "அய்யோ டீச்சர், உங்க பிரிண்டரா சதி பண்ணுச்சு!" என்று சொல்ல, மொத்த ஹாலும் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு போங்க. சரிடே ஆசீர், நீ உக்காரு. லேப்டாப்பையும் கொண்டா, ஆனா ஒயரை மட்டும் டீச்சர்கிட்ட குடுத்துராத." மறுபடி சிரிப்பு. வெளியே வரும்போது குருவானவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படித் துணிந்து ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார். அவனைக் காப்பாற்ற நானே பழியை ஏற்றுக்கொண்டேனோ என்றுகூட இரண்டு பேர் சந்தேகப்பட்டார்களாம்.

எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மனசு லேசாக இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மீதித் தாள்களை ஒரே மூச்சில் திருத்தி முடித்தேன். அன்றைக்கு மார்க் போடாமல் விட்ட பிள்ளைக்கு மூன்று மார்க் போட்டேன். பிரிண்டரிலிருந்து உருண்டை ஒயரைக் கழற்றி, துடைத்து, கீபோர்டுப் பையில் வைத்தேன். இனி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதியது பொய்.

ஒயர் என் தப்பு இல்லை. ஒயர் கைத்தவறு. கூட்டத்தில் நான் ஒத்துக்கொண்டது தப்பே இல்லாத ஒரு தப்பை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது.

கீபோர்டின் இடது ஓரத்தில் வால்யூம் திருகு இருக்கிறது. கீபோர்டின் சொந்தச் சத்தம் போகிற ஆடியோ ஒயரும் எப்போதும்போல மிக்சரில்தான் செருகியிருந்தது. சனிக்கிழமையே ஆசீர் சொன்னான்: "ஏதாவது ஆச்சுன்னா பதறாதீங்கக்கா. இதைப் பாதி திருகுங்க, பழைய சத்தம் வந்துரும். பாட்டு நிக்காது." ஒரு விநாடி வேலை. பாட்டு அரைச் சரணம்கூடத் தடுமாறியிருக்காது.

சத்தம் அறுந்ததும் என் இடது கை அந்தத் திருகின் பக்கத்தில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கோயிலின் கடைசியில் ஆசீர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றில் திருகித் திருகிக் காட்டினான். கண்ணுக்குக் கண் பார்த்தேன். பிறகு குனிந்து பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் சபையே அவனைச் சூழ்ந்துகொண்டது. ஆசீர், வெளிநாட்டுக் கோயிலில் உட்கார்ந்த மாதிரி இருந்ததே! ஆசீர், எத்தனை நாள் வேலை இது! என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார்கள். வாசித்த பத்து விரலும் என்னுடையவை. ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். சந்தோஷப்பட்டேன். அவர் வந்தது ஆசீரின் போன் நம்பர் கேட்க.

அந்த நான்கு நிமிடமும் அவன் வியர்வை ஒழுக ஆட்களைத் தாண்டித் தாண்டி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பாராட்டுங்கள் என்று இருந்தது எனக்கு. கிறிஸ்து உயிர்த்தெழுந்த காலையில், ஆலயத்தில் உட்கார்ந்து, இது என் நினைப்பு.

ஏப்ரல் 30, புதன்

ஆசீர் வந்தான். நன்றி சொல்ல! கையில் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன். கூட்டத்தில் நான் எழுந்திருக்காவிட்டால் தன் கதி என்ன என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாற்காலி சுட்டது.

கிளம்பும்போது, செருப்பில் ஒரு காலை விட்டுக்கொண்டே சொன்னான். "ஷீபாதான் கேட்டுக்கிட்டே இருந்தாக்கா. அக்கா ஏன் வால்யூமைக் கூட்டலன்னு. பதட்டத்துல மறந்திருப்பாங்கன்னேன். நான் கையைக் காட்டுனதையும் நீங்க பாக்கலல்லா?"

அவனாகவே எனக்கு வழி செய்து கொடுக்கிறான். தலையை ஆட்டினால் போதும். அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் எல்லாம் பழையபடி நடக்கும்.

"பாத்தேன் ஆசீர்" என்றேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "பாத்தீங்களா?"

"பாத்தேன். மறக்கவும் இல்ல. வேணும்னுதான் உக்காந்திருந்தேன். ஒயர் விஷயமும் அன்னைக்கு மத்தியானமே தெரியும். பிரிண்டர் எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு."

செருப்பிலிருந்து காலை எடுத்தான். வாசலிலேயே நின்றான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் என்னக்கா செஞ்சேன் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டான்.

சொன்னேன். அசிங்கமாகத்தான் இருந்தது, சொன்னேன். "இருபத்தொரு வருஷம் வாசிக்கேன். ஒருத்தர்கூட ஒரு நாள்கூட என்கிட்ட வந்து நல்லா இருந்துச்சுன்னு சொன்னதில்ல. நீ ஒரு லேப்டாப்பைக் கொண்டாந்து வச்ச. ஊரே உன் பின்னால வந்துச்சு. எனக்குப் பொறுக்கல."

ஆசீர் வழக்குப் பேசுகிற தொனி கொஞ்சமும் இல்லாமல், நிஜமாகவே விளங்காதவன்போலச் சொன்னான்.

"நான் சொல்லுவேனேக்கா."

நான் மக்ரூன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன்.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் சொல்லுவேனே."

ஆமாம். சொல்லுவான். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே போனபிறகு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இன்னைக்கு நல்லா இருந்துச்சுக்கா" என்பான். எந்தப் பாட்டில் எந்த இடம் என்றுகூடச் சொல்லுவான். பதினோரு வருடமாகச் சொல்லுகிறான். சரி சரி, மைக்கை எடுத்து வை, நேரமாகுது என்பேன் நான். அதுவும் ஒருவர் சொல்கிற பாராட்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆசீர்தானே.

அவன் போய்விட்டான். போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மக்ரூன் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது.

மே 3, சனி

பயிற்சிக்கு முன் குழுவினர் எல்லாருக்கும் முன்னால் மீதியையும் சொன்னேன். திருகு, அவன் கை காட்டியது, பிரிண்டர், எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

ஆசீர் வந்தான். ஆர்கன் கடைசிப் பாட்டுவரை அறாமல் நின்றது. நானும் கவனமாக வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். எல்லாரும் போனபிறகு அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒயரைச் சுற்றினான். சுற்றி முடித்துப் பையில் வைத்து, ஜிப்பை மூடி, பையை என் பக்கத்தில் வைத்தான். நான் உடனே எழுந்திருக்கவில்லை, எந்தப் பாட்டில் எந்த இடம் என்று சொல்வானோ என்று கொஞ்ச நேரம் இருந்தேன்.

அவன் மைக்குகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினான். நான் சொல்லாமலேயே.